மாப்ளே, ஊர்ப் பேரை மட்டும் எழுத்துக்கூட்டாதே!

அயர்லாந்துல வேலை கெடைச்சிருச்சின்னு தெருத்தெருவா மிட்டாய் குடுத்த மாப்ளே, இந்த மாமன் பேச்சையும் ஒரு காதுல வாங்கிக்கோ. அங்க போயி எதை வேணாலும் எழுத்துக்கூட்டி வாசி, ஊர்ப் பேரை மட்டும் வாசிச்சிராத. ஒனக்கு எப்படி மாமா தெரியும்னு கேக்காத. கேட்டா நான் கப்பல்ல சமையல் பாத்த கதை ஆரம்பிச்சிரும், பொழுது விடிஞ்சிரும்.

நீ போற கார்க்குக்குப் பக்கத்துலயே துறைமுக ஊரு ஒண்ணு இருக்கு. பலகையில சி, ஓ, பி, எச்னு நாலெழுத்து. நீ படிச்சவன், ‘கோப்ஹ்’னு தொண்டையில முள்ளு மாட்டுனாப்ல சொல்லுவ. அவுக வாயில அது ‘கோவ்’. அவுக பாஷையில பியும் எச்சும் சேந்தா ‘வ்’. சரி, பழைய ஐரிஷ் பேரு போலன்னு கும்பிட்டுறாத. அந்தச் சொல்லுக்கு ஐரிஷ்ல அர்த்தமே கிடையாது! கடல் கரைக்குள்ள வளைஞ்சு புகுந்த எடத்துக்கு இங்கிலீஷ்காரன் சொல்ற அதே ‘கோவ்’தான். அதுக்கு ஐரிஷ் சட்டையை மாட்டிப் பலகையில ஏத்திட்டாக.

நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு கேளு. 1849 ஆகஸ்டுல விக்டோரியா மகாராணி வந்து எறங்குச்சு. உருளைக்கெழங்கு அழுகி, நாடே பஞ்சத்துல கெடக்கு. பொழைக்கப் போற சனம் கப்பல் கப்பலா ஏறுது. அந்த நேரத்துல ஊருக்கு என்ன செஞ்சாக? கஞ்சித்தொட்டியா தெறந்தாக? ‘குயின்ஸ்டவுன்’னு பேரு வச்சாக. சாப்பாட்டை விடப் பேரு மலிவு பாரு! டைட்டானிக் 1912ல கடைசியா ஆள் ஏத்துனது இந்தக் குயின்ஸ்டவுன்லதான். 1920ல சுதந்திரச் சண்டை நடக்குறப்ப, ராணி பேரைத் தூக்கிக் கடாசிட்டு ஊரு மறுபடி கோவ் ஆயிருச்சு. ஆனா அமெரிக்காவுல இருக்குற பேரம்பேத்திக இன்னமும் தாத்தன் கடுதாசியைக் கையில வச்சுக்கிட்டு, மேப்புல குயின்ஸ்டவுனைத் தேடுறாக. கண்டா வழி சொல்லு, புண்ணியம்.

டப்ளின் பக்கத்துலயும் இதே கதை. 1821ல நாலாம் ஜார்ஜ் ராசா கப்பலேறுன துறைக்குக் ‘கிங்ஸ்டவுன்’னு பேரு போட்டு, பெறகு 1920ல பழைய ‘டன் லீரி’க்கே திரும்பிட்டாக. அதுல ரெண்டாவது சொல்லு பலகையில ஒம்பது எழுத்து, வாயில ‘லீரி’ மட்டுந்தான். மிச்ச எழுத்தெல்லாம் சும்மா ஒக்காந்திருக்கு, நம்ம ஊரு பஞ்சாயத்து மெம்பருக கணக்கா.

அயர்லாந்துக்காரனே அயர்லாந்துக்காரன்கிட்ட மாட்டுன கதைதான் சொகமான கதை. மேற்க கெர்ரியில டிங்கிள்னு ஒரு ஊரு. சுற்றுலாக்காரன் வந்தாத்தான் அங்க அடுப்பெரியும். ஐரிஷ் பேசுற பகுதி, அதனால ஐரிஷ் பேரு மட்டுந்தான் செல்லும்னு உத்தரவு போட்டு, 2005ல ‘அன் டாங்கன்’னு பலகை நட்டுட்டாக. வர்றவன் வழி தெரியாமப் போயிட்டா என்ன செய்யன்னு ஊரு கொந்தளிச்சுப்போச்சு. ராவோட ராவா பலகையில பெயிண்டால டிங்கிள்னு எழுதுன ஆளும் உண்டு. 2006ல ஓட்டு வச்சா, பத்துல ஒம்பது பேருக்கு மேல ஐரிஷ் பேரு, இங்கிலீஷ் பேரு ரெண்டும் வேணும்னாக. கவர்மெண்டு எறங்கிவர 2011 ஆச்சு.

இதுல இன்னொரு வேடிக்கை, ஆஃபலியில ஏற்கெனவே டாங்கன்னு ஒரு ஊரு இருக்கு. அதுக்கு வெள்ளைக்காரன் வச்சிருந்த பேரு பிலிப்ஸ்டவுன். மேரி ராணி புருசன், ஸ்பெயின் பிலிப்பு பேரு. அந்த மனுசன் அயர்லாந்துல கால் வச்சதே இல்ல. மாமியா வீட்டுச் செல்வாக்குன்னா அதுதான், பாத்துக்கோ.

லீவு நாள்ல கார்க்குல ரயிலேறி துறைமுகத்தைப் பாத்துட்டு வா. கவுண்டர்ல ‘கோவ்’னு கேளு. ‘கோப்ஹ்’னு கேட்டாலும் டிக்கெட்டு தருவான், சிரிப்பு இனாம். ரயிலேறுற அந்தக் கென்ட் ஸ்டேஷனுக்கே 1966லதான் இந்தப் பேரு வச்சாக, அதுக்கு முந்தி என்ன பேருன்னு வயசான ஆளா பாத்துக் கேளு. பேச்சுத் தொணைக்கு ஆச்சு.