ஓட்டாதே, உருட்டு

ஏலே பேராண்டி, பரத்பூருக்கு சைக்கிள் ஓட்டப் போறியாமே, உங்க அம்மா சொன்னா. ஒன்றரை லட்ச ரூவா வண்டி, நம்ம வீட்டு உருப்படியை விட அதிகமா கியரு, தொடையைக் கவ்விப் பிடிக்கிற நிஜாரு. எல்லாம் லட்சணமாத்தான் இருக்கு. அந்த நிஜாரோட நம்ம தெருவுல மட்டும் போயிராதே. நம்மூரு நாய்க்கு நாகரிகம் பத்தாது.

பட்டாளத்துல இருந்தப்ப எனக்கு ஆக்ராவுல வேலை. பரத்பூர் அங்கேருந்து ஒரு எட்டுதான். அதனால நாலு புத்தி சொல்லி வைக்கிறேன். இதையே போன்ல எவனாவது தாடிக்காரன் சொன்னா தலையாட்டுவே, தாத்தன் சொன்னா கசக்கும். இருந்தாலும் கேளு.

முதல்ல, உன் வண்டியை வீட்டுலயே விட்டுட்டுப் போ. கேவலாதேவ் தேசியப் பூங்கா வாசல்லயே வாடகை சைக்கிள் குடுப்பான். உள்ளே கிளைப்பாதை எல்லாம் கரை மேல போவுது, ரெண்டு பக்கமும் கருவேல மரம். முள்ளுக்கு உன் டயரோட விலை தெரியாதுலே. வாடகை வண்டியில காத்து இருக்கா, செயின் நிக்குதான்னு மட்டும் பாத்துக்கோ. மணி அடிக்குதான்னு பாக்காதே. அடிச்சா உன்னைத்தான் அடிப்பாங்க.

ரெண்டாவது, சைக்கிள் ஓட்டப் போறவன் சைக்கிள் ஓட்டக் கூடாது. சிரிக்காதே. மொத்தப் பூங்காவே 29 சதுர கிலோமீட்டர்தான். நடுவுல ஒரு தார்ரோடு, சிவன் கோயில் வரைக்கும் போவுது. கேவலாதேவ்ங்கிறது அந்தச் சிவன் பேருதான். நீ மிதிக்கிற மிதிக்கு காப்பி ஆறுறதுக்குள்ள கோயிலுக்குப் போயிருவே. போயி, ‘அடுத்து என்ன தாத்தா?’ன்னு எனக்கே போன் போடுவே.

காரை வெளியில நிறுத்தச் சொல்லிட்டு, மிதிவண்டி, ரிக்‌ஷா, பேட்டரி வண்டி, நடந்து போறவன்னு உள்ளே விடுறானே, அது உன் தொப்பை கரையவா? பறவை பயப்படாம இருக்கத்தான்லே. ரோட்டை ஒட்டியே தண்ணி, தண்ணியை ஒட்டியே பறவை. நீ இறங்கி வண்டியை உருட்டினா, பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நீந்துறதைப் பாக்கலாம். முங்கி, கூரான அலகால மீனைக் குத்தித் தூக்கும். மேல சுண்டிப் போட்டு, தலைப் பக்கமா விழ வச்சு விழுங்கும். அப்புறம் பட்ட கட்டையில ஏறி, நனைஞ்ச இறக்கையை விரிச்சுக் காயப்போட்டு நிக்கும். பக்கத்துல நத்தைகுத்தி நாரை நின்னா அது மூக்கைப் பாரு. வாயை மூடினாலும் நடுவுல ஒரு சந்து தெரியும், அதுக்குள்ள வெளிச்சம் பாயும். இதெல்லாம் அரைமணி நேரம் ஒரே இடத்துல நின்னாத்தான் நடக்கும். உன் கைக்கடிகாரம் அதை ‘ஓய்வு’ன்னு கணக்கெழுதும், எழுதட்டும்.

மார்கழியில போறே. விடியக்காலையில மூடுபனி, உன் முன்சக்கரமே உனக்குத் தெரியாது. வெயில் ஏறினதும் முள்ளம்பன்றி வளை வாசல்ல மலைப்பாம்பு வெளிய வந்து குளிர் காயும். அதோட சேந்து நின்னு படம் எடுக்கணும்னு ஆசைப்படாதே. அதுக்கு உன்னளவு விளம்பரப் பிரியம் கிடையாது.

மூணாவது, ஒரு நாளாவது ரிக்‌ஷாக்காரரை அமர்த்து. அவர் முன்னால போகட்டும், நீ பின்னால போ. அவங்களுக்கு வனத்துறையே பறவைப் பயிற்சி குடுத்திருக்கு. மரப்பட்டையோட பட்டையா ஒட்டித் தூங்கற ஆந்தையைப் போற போக்குலயே காட்டிருவாரு. நீ குழாய் மாதிரி லென்சைத் திருகுறதுக்குள்ள அவர் அதோட குடும்பக் கதையைச் சொல்லி முடிச்சிருப்பாரு. ஒண்ணு மட்டும் கேக்காதே: ‘சைபீரியக் கொக்கு எங்கே?’ 2002-க்கு அப்புறம் அது அங்க வரவே இல்ல.

இப்ப முக்கியமான சமாச்சாரத்துக்கு வர்றேன். நீ காடு பாக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறே. அது காடு இல்லலே, கண்மாய்! 18-ம் நூற்றாண்டுல சூரஜ்மல் ராஜா காலத்துல அஜான்னு ஒரு அணை கட்டி, பள்ளத்துல தண்ணியைத் தேக்கினாங்க. பின்னால வந்த ராஜாக்கள் கரை போட்டு, மடை வச்சு, வாத்தை வரவழைச்சாங்க. எதுக்கு? சுடறதுக்கு. கோயில் பக்கத்துல கல்லு நட்டு எழுதியே வச்சிருக்கான். வைஸ்ராய் லின்லித்கோ வந்திருந்த 1938 நவம்பர் 12-ல, ஒத்தை நாள்ல 4,273 பறவை. நம்மூர்ல கல்வெட்டுன்னா கோயிலுக்கு நெலம் எழுதி வச்சவன் பேரு இருக்கும். அவங்க ஊர்ல இந்தக் கணக்கு இருக்கு.

1982-ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சு, எருமை மேயக் கூடாதுன்னாங்க. ஊர்க்காரங்க கொதிச்செழுந்து, துப்பாக்கிச்சூடு வரைக்கும் போச்சு. அப்புறம் என்ன ஆச்சு? மேய ஆளில்லாம புல்லு மண்டித் தண்ணியையே மூடிருச்சு, வாத்து இறங்க இடமில்ல. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க வருசக்கணக்கா ஆராஞ்சு, ‘எருமை மேஞ்சதுதான் நல்லது’ன்னு சொன்னாங்க. எருமை மேய்க்கிற பயலைக் கேட்டிருந்தா ஒரு டீத்தண்ணிக்கு இந்த முடிவைச் சொல்லியிருப்பான். கேக்கத்தான் ஆளில்ல.

யுனெஸ்கோ 1985-ல உலகப் பாரம்பரியச் சின்னம்னு சொல்லிருச்சு, வாஸ்தவம். ஆனா பட்டத்தை வச்சுக் குளத்தை நிரப்ப முடியுமா? மேல பாஞ்சனா அணையில தண்ணியை நிறுத்தினா இங்க தரை வெடிக்கும். விவசாயிக்கா, வாத்துக்கான்னு அங்கயும் தண்ணிச் சண்டைதான். நம்ம சீமைக்கருவேலம், அதான் வேலிகாத்தான், அங்கயும் போயி அடைஞ்சிருச்சு. சுத்துப்பட்டு ஊர்க்காரங்களையே வேரோட பிடுங்க வச்சு, விறகை அவங்களுக்கே குடுத்தாங்க.

அதனால பறவையை மட்டும் பாத்துட்டு வந்திராதே. மடையைப் பாரு, ஷட்டரைப் பாரு, கரையில யாரு மண்ணு போடுறான்னு பாரு. தண்ணியைத் திறந்து விடுறவன் ஒருத்தன் இருந்தாத்தான் பறவை வரும்.

கண்மாய்க்கரையில சைக்கிள் மிதிக்க ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல ரயிலேறிப் போறே. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறவனைத் தடுக்கவா முடியும்? நல்லாப் போயிட்டு வா. வர்ற வழியில மதுராவுல பேடா வாங்கு, எனக்குச் சீனி வியாதின்னு உங்க அம்மா சொன்னா நம்பாதே. ஞாயித்துக்கிழமை நம்ம கண்மாய்ல வேலிகாத்தான் வெட்டணும். என்கிட்ட அருவா ரெண்டு இருக்கு. நிஜாரை மாத்திக்கிட்டு வா.