பயம் மட்டும் ஏன் மறப்பதில்லை?

கேள்வி: காலையில் கண் விழித்த சிறிது நேரத்திலேயே டென்ஷன் ஹார்மோனான கார்டிசால் உச்சத்தைத் தொடுமாமே. எழுந்திருக்காமலே இருந்துவிடலாமா?

பதில்: நீங்கள் எழுந்து நடமாடத்தான் அது ஏறுகிறது. எழுந்து பல் தேயுங்கள்.

கேள்வி: ஓயாத டென்ஷன் மூளை செல்லுக்கு உரமே இல்லாமல் செய்துவிடும் என்கிறார்களே?

பதில்: அந்த உரத்தின் பெயர் பி.டி.என்.எஃப். பன்றி மூளையிலிருந்து 1982-ல் பிரித்தெடுக்கப்பட்ட புரதம். நரம்பு செல்லின் மேலுள்ள ட்ரக்-பி ஏற்பியில் இது ஒட்டியதும் உள்ளே சமிக்ஞை கிளம்பும். செல் கிளைவிடும், இணைப்புகள் பலப்படும். கார்டிசால் பரம எதிரி அல்ல. கொஞ்ச நேரம் வந்து போனால், ட்ரக்-பி-யை அதுவே தூண்டிவிடுவதும் உண்டு. நாள்கணக்கில் வடியாமல் நின்றால்தான் வம்பு. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸில் பி.டி.என்.எஃப். உற்பத்தி குறைகிறது.

கேள்வி: கவலையில் வீட்டுச் சாவி வைத்த இடம் மறக்கிறது. பயந்த சம்பவம் மட்டும் மறக்கவே இல்லையே, ஏன்?

பதில்: அருமையான கேள்வி. பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆய்வகத்தில் சுமந்த்ர சட்டர்ஜி குழுவினர் எலிகளை அசையவிடாமல் தினம் 2 மணி நேரம், 10 நாள் அடைத்துவைத்தார்கள். ஹிப்போகேம்பஸில் செல்களின் கிளைகள் சுருங்கின. பயத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ கிளைகள் நீண்டு வளர்ந்தன! 2002-ல் வெளியான முடிவு இது. பி.டி.என்.எஃப்.-பும் அதே கதைதான் என்று பிறகு தெரிந்தது: அங்கே இறக்கம், இங்கே ஏற்றம். எலிகளுக்கு 21 நாள் ஓய்வு கொடுத்தார்கள். ஹிப்போகேம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது, அமிக்டலா திரும்பவில்லை. எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் பயத்தில் தவிப்பவரிடம் "நாலு நாள் ஊருக்குப் போய்வா, சரியாகிடும்" என்று சொல்லி அனுப்புவதை நாம் நிறுத்த வேண்டும். அவருக்குத் தேவை சிகிச்சை.

கேள்வி: பி.டி.என்.எஃப்.-ஐ ஊசியில் ஏற்றிக்கொள்ள முடியாதா?

பதில்: ரத்தத்தில் ஏற்றினால் மூளைக்குள் எளிதில் போய்ச் சேராது. ஊசிக்குப் பதில் நடந்து பாருங்கள். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. வாரம் 3 நாள், 40 நிமிடம் என ஓராண்டு நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது. கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். அதுவும் கார்டிசாலின் உறவுதானாமே, நிறுத்திவிடட்டுமா?

பதில்: உறவுதான். ஆனால் நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் டாக்டரைக் கேட்காமல் அரை மாத்திரைகூடக் குறைக்காதீர்கள்.