பீர் இல்லாத பீப்பாய்க்காரர்

குழாயைத் திறந்து ஒரு டம்ளர் நிரப்ப என்னென்ன சாமான் வேண்டும் என்று இவரிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. உட்கார வைத்துவிடுவார்.

அமெரிக்காவில் வருஷக்கணக்காக கம்ப்யூட்டர் தட்டிவிட்டு, அப்பா கட்டிய மாடிவீட்டுக்கே திரும்பி, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்து அதே ஆபீசுக்கு ராத்திரியில் வேலை பார்க்கிற வகையறா. இந்த வகை இப்போது எல்லா ஊரிலும் உண்டு. ஓர் ஊரில் காபி மெஷின், இன்னோர் ஊரில் பீட்சா அடுப்பு, வேறோர் ஊரில் ட்ரோன். செஞ்சிக்கு வாய்த்தது கெக் என்கிற பீர் பீப்பாய்.

அங்கே இருந்தபோது கார் ஷெட்டில் பீர் காய்ச்சியவர். அதில் ஒளிவுமறைவு இல்லை. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வருஷம் 200 கேலன், அதாவது சுமார் 750 லிட்டர் வரை காய்ச்சிக்கொள்ளலாம். அத்தனையையும் இவரே குடித்தார் என்று நினைத்தால் பாவம். அரை டம்ளரில் தூக்கம் வந்துவிடும். இவருக்குப் போதை தருவது ஸ்பேனர். பாட்டில்களைக் கழுவி, மூடி அமுக்கி, வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த வரைக்கும் சாதாரண மனுஷர்தான். முதல் கெக் வாங்கினார், போச்சு.

அந்தப் பாத்திரத்தின் பூர்வீகத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பீர் ஆசாமிகள் கொண்டாடும் 19 லிட்டர் ஸ்டீல் கெக் பீருக்காகப் பிறந்ததே இல்லை. கார்னீலியஸ் என்ற கம்பெனியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சோடா பீப்பாய் அது. பெப்சிக்கு ஒரு மாதிரி பூட்டு, கோக்குக்கு வேறு மாதிரி. குளிர்பானக் கம்பெனிகள் சிரப்பை அட்டைப்பெட்டிக்குள் பையில் அடைக்கத் தொடங்கியதும் இவை மலைபோலக் குவிந்தன. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் மலிவாக அள்ளிக்கொண்டார்கள். இவர் வாங்கிய கெக்கில் ரூட் பீர் என்ற பழைய சோடாவின் வாசனை போகவே இல்லை, ரப்பர் வளையம் அத்தனையும் மாற்ற வேண்டியிருந்தது.

ஊர் திரும்பும்போது கெக்குகளுக்குள் குழந்தைகளின் சாக்ஸைத் திணித்துக் கப்பலில் அனுப்பினார். வீட்டு வாசலில் மூட்டை பிரித்ததும் அம்மா கேட்டார்: “இன்னாடா இது, பால் கேனா?” கூட நின்ற வக்கீல் மாமாதான் விஷயத்தைப் பிடித்தார். “தம்பி, 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்குது. காய்ச்சறது மட்டுமில்ல, காய்ச்சறதுக்குன்னு பாத்திரம் வெச்சிருந்தாலே கேசு.”

டாஸ்மாக் கடையை அரசாங்கமே நடத்துகிற மாநிலத்தில் இது என்ன நியாயம் என்று இவர் அரைமணி நேரம் பேசினார். மாமா அசையவில்லை. 1987-லிருந்து கள்ளுக்கே தடை. பனைமரம் நிறைந்த இந்த மாவட்டத்தில் மரம் ஏறத் தெரிந்தவனே கலயத்தில் சுண்ணாம்பு தடவி ஜாக்கிரதையாகப் பதநீர் இறக்குகிறான். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் விஷச்சாராயம் உயிர்களை வாங்கிய மாவட்டமும் இதுதான். டிரம்மும் ரப்பர் குழாயும் ஒரே வீட்டுக்குள் போனால் தெருவில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பீர் போனது. ஆனால் மாட்டுகிற ஆசை போகுமா? கெக்கில் சோடா போடுவது என்று முடிவு செய்தார்.

அமெரிக்க ரெகுலேட்டரின் மரை இந்த ஊர் சிலிண்டரில் சேரவில்லை. லேத் பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கேஸ் வேலை சார், நான் கை வைக்க மாட்டேன்” என்று திருப்பிக் கொடுத்தார். அந்த நாள் முழுக்கச் சந்தித்தவர்களில் புத்திசாலி அவர்தான். கடைசியில் கரை சேர்த்தவர் கோலி சோடா போடுகிற பெரியவர். சரியான ரெகுலேட்டர் எங்கே கிடைக்கும், உணவுக்கான கரியமில வாயு எங்கே வாங்குவது என்று எல்லாம் சொன்னார். இவர் பதிலுக்கு, குளிர்ச்சியாக வைத்துக் குலுக்கினால் வாயு சீக்கிரம் கரையும் என்று விஞ்ஞானம் விளக்கினார். பெரியவர் தன் மெஷினுக்குள் பாட்டில்கள் உருளுவதைக் காட்டி, “அப்ப நாங்க இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருக்கோம்?” என்றார்.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பது அடுத்த கவலை. 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயு உள்ளே திரவமாகவே நிற்காது. செஞ்சி வெயிலில் முள் காட்டுகிற அழுத்தத்தை நம்ப முடியுமா? எடை போடுவதுதான் வழி. ஆகவே மல்லாட்டை மண்டித் தராசில் மூட்டைகளுக்கு நடுவே சிலிண்டரும் ஏறுகிறது.

எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத்தை ஊற்றி, பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்து, 30 பவுண்டு அழுத்தம் கொடுத்துத் திறந்தார். டம்ளர் முழுக்க நுரை, சுவரிலும் நுரை. அழுத்தம் கூடினால் குழாய் மெல்லிசாகவும் நீளமாகவும் வேண்டுமாம். உரசலில்தான் வேகம் அடங்கும். 25 அடி குழாயைச் சுருட்டி மாட்டினார். “இதுக்குத் தோட்டத்துக்குத் தண்ணி வுட்டிருக்கலாம்” என்றார் அம்மா. உடனே இவர் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்கு வெளிக்குளத்திலிருந்து சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுவந்த கதையைத் தொடங்கினார். கோட்டையை சிவாஜி 1677-லும் முகலாயர் 1698-லும் பிடித்ததெல்லாம் இவருக்குப் பொருட்டில்லை. அந்தக் குழாயின் உள்விட்டம்தான் முக்கியம்.

நியாயமாகச் சொல்கிறேன்: அந்த நன்னாரி சோடா பிரமாதம். ரூட் பீருக்கும் நன்னாரிக்கும் சுவையில் உறவு உண்டு. சோடாவுக்குப் பிறந்த பாத்திரம் சோடாவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. செஞ்சிக்குப் போகிறவர்கள் ஒரு டம்ளராவது குடித்துவிட்டு வாருங்கள். ஆனால் கோட்டை ஏறி இறங்கிய பிறகு போங்கள். பிற்பகலில் நேரமாகிவிட்டால் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். இவரோ ரெகுலேட்டரை விளக்கி முடிக்கவே சாயங்காலம் ஆக்கிவிடுவார்.