முக்கால் டாங்கி தேசபக்தி

சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட காரில் ஜொகூர் பாருவுக்குப் புறப்படுகிறீர்களா? கடவுச்சீட்டு மட்டும் போதாது. பெட்ரோல் முள்ளும் முக்காலுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். 1989இல் அரை டாங்கி போதும் என்றார்கள், 1991இல் முக்காலாக்கினார்கள். இக்கரைக்கு அக்கரை பெட்ரோல் மலிவு. வரி கைநழுவிப் போகலாமா? முள் தாழ்ந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் உண்டு. டாங்கி நிறைய தேசபக்தி இருந்தால்தான் பாலம் ஏறலாம்.

திரும்பும்போது உட்லண்ட்ஸில் டிக்கி பரீட்சை. வெங்காய மூட்டைக்கு அடியில் ஒரு கை நுழையும். ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்ப்பார்கள். "வேற ஏதாவது இருக்கா?" என்ற கேள்வியில், வெறும் அப்பளக் கட்டு வைத்திருப்பவருக்கும் வியர்த்துவிடும். சிகரெட்டுக்குச் சலுகையே கிடையாது. ஒற்றைக் குச்சிக்கும் வரி. மலேசியாவிலிருந்து வரும் மதுப்புட்டிக்கும் அதே மரியாதைதான். சூயிங்கம்மோ 1992 முதல் நாட்டுக்குள் நுழையக் கூடாத ஆசாமி.

எதையாவது வாங்கி வந்தால், ஒளிக்க இடம் தேடாமல் நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள். அபராதத்தைவிட வரி என்றைக்கும் மலிவு.