கவரிங் பயில்வான்கள்

சிதம்பரம் கடைத்தெருவில் கவரிங் நகை விற்பவரை யாரும் திருடன் என்று சொல்வதில்லை. கடை போர்டிலேயே கவரிங் என்று எழுதிவிட்டுத்தானே விற்கிறார்? ஜாக் ஃபெஃபர் என்ற அமெரிக்க மல்யுத்தக் காண்ட்ராக்டரின் கட்சியும் ஏறக்குறைய இதுதான். போலி வைரத்தைப் போலி என்று சொல்லி விற்கிறவன் யோக்கியன்தானே என்ற ரீதியில் அவர் பேசியதாகச் சொல்வார்கள். அந்த யோக்கியதையை அவர் உலகத்துக்கு எடுத்துக்காட்டிய விதம்தான் கொஞ்சம் வில்லங்கமானது.

வார்சா பக்கத்தில் பிறந்த ஃபெஃபர், 1921இல் ஒரு நாடகக் கோஷ்டியோடு அமெரிக்காவில் வந்து இறங்கினார். குள்ள உருவம், கையில் தடி. நாடகத்தை விட்டு மல்யுத்தத்துக்கு வந்தார். தொழிலை மாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அங்கே அரிதாரம், இங்கே வியர்வை. மற்றபடி கதை, வசனம், ஒத்திகை எல்லாம் இங்கேயும் உண்டு. நியூயார்க்கில் இவரும் ஜாக் கர்லி முதலான நாலைந்து பேரும் கூட்டுச் சேர்ந்து இந்த வியாபாரத்தை நடத்தினார்கள். யார் யாரைத் தூக்கிப் போடுவது, யார் எத்தனையாவது நிமிஷத்தில் மல்லாக்க விழுவது என்பதெல்லாம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தே தீர்மானமாகிவிடும். மேடையில் நடப்பது வெறும் அமலாக்கம்.

1933இல் கூட்டாளிகள் ஃபெஃபரைக் கழற்றிவிட்டார்கள். நம் ஊர்ப் பங்காளிச் சண்டை என்றால் வாய்க்காலை மறிப்பார்கள், வரப்பை வெட்டுவார்கள். இவர் நேரே ‘டெய்லி மிர்ரர்’ பத்திரிகையின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் டான் பார்க்கரிடம் போய், மொத்த சமாச்சாரத்தையும் கொட்டிவிட்டார். எல்லாம் செட்டப், எல்லாம் ஒத்திகை. மல்யுத்தக்காரர்கள் தாய்க்குக்கூடச் சொல்லாமல் காத்துவந்த தொழில் ரகசியம் மறுநாள் காபியோடு வாசகர் கைக்கு வந்துவிட்டது.

பூகம்பம் வந்திருக்க வேண்டுமே? நியூயார்க்கில் கூட்டம் குறைந்தது, உண்மைதான். 1938இல் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மல்யுத்தத்துக்குக் கதவைச் சாத்தி, பதினோரு வருஷம் கழித்துத்தான் திறந்தது. ஆனால் மற்ற ஊர்களில் ஜனங்கள் ‘அப்படியா?’ என்று கேட்டுவிட்டு டிக்கெட் வாங்கப் போய்விட்டார்கள். இதில் ரசமான விஷயம், வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிய ஃபெஃபரே கூச்சநாச்சமில்லாமல் அதே தொழிலைத் தொடர்ந்தார் என்பதுதான். அடுப்படியில் கரப்பான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அதே தெருவில் இன்னொரு ஓட்டல் திறந்த மாதிரி.

1940இல் பாஸ்டனில் பால் பௌசர் என்ற காண்ட்ராக்டர் மோரிஸ் டியே என்பவரை ‘பிரெஞ்சு ஏஞ்சல்’ என்று இறக்கினார். அக்ரோமெகலி என்ற நோயால் முகமும் தலையும் எலும்பும் பெருத்துப்போன மனிதர், நல்ல படிப்பாளி. அந்த முகத்தைப் பார்க்கவே கூட்டம் அலைமோதியது. சினிமாவில் ஒரு பேய்ப் படம் ஓடினால் அடுத்த வருஷம் ஒன்பது பேய் வருமே, அதுபோல ஐரிஷ் ஏஞ்சல், கனடிய ஏஞ்சல் என்று தேவதூதர்கள் ஊருக்கு ஊர் முளைத்தார்கள். ஃபெஃபர் பங்குக்கு ஒரு ஸ்வீடிஷ் ஏஞ்சல். நாம் சிரிக்க வேண்டாம். ஹங்கேரிய வம்சத்து எமில் சாயா ‘கிங்காங்’ என்று பெயர் வைத்துக்கொண்டு தாராசிங்கோடு மோத வந்தபோது, இந்தியாவிலும் முண்டியடித்துத்தான் டிக்கெட் வாங்கினார்கள்.

1948 ஜூலை 18 அன்று அயோவா மாநிலத்து வாட்டர்லூவில் சில காண்ட்ராக்டர்கள் கூடி தேசிய மல்யுத்தக் கூட்டணியைத் தொடங்கினார்கள். நம் சினிமா விநியோகஸ்தர்கள் என்.எஸ்.சி., கோவை, மதுரை என்று ஏரியா பிரித்துக்கொள்வதைப்போல அமெரிக்காவைப் பிரித்துக்கொண்டார்கள். உலக சாம்பியன் பட்டம் பொதுச்சொத்து. யாருக்கு அது என்பது பலத்தால் அல்ல, இவர்கள் சம்மதத்தால். 1956இல் அரசாங்கம் தலையிட்டது. யார் ஜெயிப்பது என்று ஏன் முன்கூட்டியே முடிவு செய்கிறீர்கள் என்று கேட்கவா? அதெல்லாம் இல்லை. மற்ற காண்ட்ராக்டர்களை ஏன் பிழைக்க விடுவதில்லை என்று கேட்கத்தான்.

இதற்கிடையே டெலிவிஷன் வந்தது. ஜார்ஜ் வாக்னர் என்ற சுமாரான பயில்வான் தலைமுடியைப் பொன்னிறமாகச் சுருட்டிக்கொண்டு, பட்டு அங்கி போர்த்தி, பணியாளை முன்னால் விட்டு மேடைக்கு சென்ட் அடிக்கச் சொல்லி, ‘கார்ஜியஸ் ஜார்ஜ்’ ஆகிவிட்டார். அவர் உதை வாங்குவதைப் பார்க்கவே நாடு தவம் கிடந்தது.

அந்த அலங்காரப் பாணியை ஃபெஃபரும் பிடித்துக்கொண்டார். 1940களின் கடைசியில் பட்டி ராஜர்ஸ் என்ற அழகனை ‘நேச்சர் பாய்’ என்று பட்டை தீட்டினார். பட்டை தீட்டியதும் வைரம் கைமாறிவிட்டது. ராஜர்ஸ் அவரை உதறிவிட்டுப் போய், 1961 ஜூன் 30 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க்கில் 38,622 பேர் பார்க்க உலக சாம்பியனும் ஆனார். சாம்பியன் கூட்டணியிடம் 25,000 டாலர் டெபாசிட் கட்ட வேண்டியிருந்தது. பெல்ட்டோடு கம்பி நீட்டிவிடக் கூடாதே! வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்குவதைப்போல உலக சாம்பியனிடம் அட்வான்ஸ்.

ஃபெஃபருக்கு வயிறு எரிந்தது. கோர்ட்டுக்குப் போகவில்லை, அச்சாபீசுக்குப் போனார். பட்டி ராஜர்ஸ் உங்களோடா? என்னிடம் பம்மி ராஜர்ஸ் இருக்கிறார். போபோ பிரேசில் அங்கேயா? ஹோபோ பிரேசில் இங்கே. லூ தெஸ் பெரிய வீரரோ? எங்கள் லூ கெஸ்ஸைப் பாருங்கள். பின்னால் புரூனோ சம்மார்ட்டினோ பெயரெடுத்தபோது ஃபெஃபர் மெனக்கெடவே இல்லை. ஓர் எழுத்தை மாற்றினார்: சன்மார்ட்டினோ. திருவிழா மேடையில் எம்.ஜி.ஆர். வேஷத்தில் வருபவரை நாம் அறிந்தே விசிலடிக்கிறோம். இங்கேயோ கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகு என்ன செய்ய முடியும்? நோட்டீஸில் எழுத்துப்பிழை ஏதும் இல்லையே.

1974இல் காலமான ஃபெஃபர் ஒரு துண்டுக் காகிதத்தையும் குப்பையில் போடாதவர். கடிதங்கள், கணக்குகள், படங்கள், நோட்டீஸ்கள் எல்லாம் இப்போது இண்டியானாவின் நோட்ர டாம் பல்கலைக்கழக நூலகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. கத்தோலிக்கப் பாதிரிமார் நிறுவிய பல்கலைக்கழகம். அங்கே ஆராய்ச்சி மாணவர்கள் அந்தக் காகிதங்களைப் பவ்யமாகப் புரட்டிப் பார்க்கிறார்கள். அத்தனையும் அசல்.