குறைகளைச் சொல்லுங்கள், பெயரைக் குறித்துக்கொள்கிறோம்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, சென்னை ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களில் ஒரு பூசை நடக்கிறது. பெயர் ரெட்ரோ. முடிந்துபோன ஸ்பிரிண்டில், அதாவது இரண்டு வார வேலைச் சுற்றில், எது சரியாக வந்தது, எது சொதப்பியது, அடுத்த முறை எதை மாற்றுவது என்று குழு தனக்குள் பேசிக்கொள்ள வேண்டிய கூட்டம். நடுநாயகமாக டெலிவரி மேனேஜர் அமர்ந்து, "ஃப்ரீயா பேசுங்க, இங்க ஹையரார்க்கியே கிடையாது" என்று அருள்வாக்குத் தருவார். எல்லோருடைய அப்ரைசல் ரேட்டிங்கும் அவர் கையில்தான் இருக்கிறது.

குறைகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதலாம் என்று சலுகை வேறு. எட்டுப் பேர் உள்ள குழுவில், ராத்திரி இரண்டு மணி டெப்ளாய்மென்ட்டைப் பற்றி எழுதியது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் சாம்பு வரவேண்டியதில்லை. அன்றைக்கு விழித்திருந்தவர் ஒருவர்தான்.

அவர் குறை எழுதிய சிவப்புச் சீட்டைப் பாருங்கள். "மூன்று வார வேலைக்கு எட்டு நாள் கொடுத்தார்கள்." கூட்டத்தை நடத்தும் ஸ்கிரம் மாஸ்டர் அதை வாசித்துவிட்டுத் தொண்டையைச் செருமுகிறார். கொஞ்சம் பாசிட்டிவாகச் சொல்லலாமே! சீட்டு "எஸ்டிமேஷனில் கூடுதல் கவனம் தேவை" என்று மாறுகிறது. மேனேஜர் புருவத்தை உயர்த்தியதும், "தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்துவோம்" என்று இன்னொரு முறை மாறுகிறது. எட்டு நாள் கொடுத்தவர் எங்கே? காணோம். கிளையன்ட் முன்னால் தேதியை வாரி வழங்கியவர்? அவரும் இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அந்த நெய், எட்டுப் பேருடைய சனி, ஞாயிறு. மினிட்ஸில் பொறுப்பாளர் "டீம்", கெடு "ஆன்கோயிங்". போன ரெட்ரோவிலும் இதே வரிதான். அதற்கு முந்தியதிலும்.

இந்த அநியாயத்துக்கு வேதம் ஓதுவதுதான் வயிற்றெரிச்சல். நார்மன் கெர்த் 2001-இல் எழுதிய ரெட்ரோ புத்தகத்தில் ஒரு தலையாய விதி உண்டு. அன்று தெரிந்தது, இருந்த திறமை, கிடைத்த வசதி, நிலவிய சூழ்நிலை இவற்றுக்குள் எல்லோரும் தம்மால் முடிந்ததை நன்றாகவே செய்தார்கள் என்று நம்பிக் கூட்டத்தைத் தொடங்குங்கள் என்கிறது அது. அடிவாங்குகிறவனைக் காக்க வந்த விதி. இங்கே அதை ஸ்லைடில் போட்டு, தேதி கொடுத்த பெரிய மனிதருக்குக் கவசமாக மாட்டிவிட்டார்கள். கிடைத்த வசதியையும் சூழ்நிலையையும் தீர்மானித்தது யார் என்று கேட்டால், "பிளேம் கேம் வேண்டாமே" என்று பதில் வரும். அப்ரைசல் மாதத்தில் மட்டும் அந்த ஸ்லைடு யார் நினைவுக்கும் வராது. சிவப்புச் சீட்டுக்காரரின் கோப்பில் "அட்டிட்யூட் சரியில்லை" என்று ஏறிவிடும்.

அதே 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் 17 பேர் கூடி, மென்பொருள் வேலைமுறைக்கான அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதன் 12 கோட்பாடுகளில் கடைசியானது, குழு அவ்வப்போது திரும்பிப் பார்த்துத் தன் போக்கைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது. நம் குழு எதை மாற்ற முடியும்? தேதியில் கைவைக்க முடியாது. ஆள் கேட்க முடியாது. கிளையன்ட் நடுவில் சொருகும் வேலையை மறுக்க முடியாது. காலை ஸ்டாண்டப் பத்து மணிக்கா பத்தேகாலுக்கா என்பதை மட்டும் பூரண ஜனநாயக முறையில் முடிவு செய்யலாம்.

இந்தக் கூட்டத்தை ஒழுங்காக நடத்தப் பயிற்சி வகுப்பெல்லாம் தேவையில்லை. ரேட்டிங் போடுகிறவர் அறையை விட்டு வெளியே போகட்டும். போன தடவை எழுதியது நடந்ததா என்பதை முதலில் கேளுங்கள். ஒரே ஒரு மாற்றத்தை எடுத்து, அதைச் செய்ய அதிகாரம் உள்ளவரின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். அந்தப் பெயர் மேனேஜருடையது என்றாலும் எழுதுங்கள். இதற்குத் துணிவில்லாத மேனேஜர்களே, கூட்டத்தை ரத்து செய்துவிட்டு, நாலு மணிக்கே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள். ஓ.எம்.ஆர். டிராஃபிக்குக்கு முன்னால் போய்ச் சேரட்டும்.