பதஞ்சலி நூடுல்ஸ் தின்றாரா?

ஜூன் முதல் வாரம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டால், 21ஆம் தேதி வாக்கில் மார்க்கையன்கோட்டை வயல்களில் நாற்றங்கால் பச்சை கட்டியிருக்கும். அன்றுதான் சர்வதேச யோகா தினமும். ஐ.நா. சபை 2014 டிசம்பர் 11இல் தீர்மானம் போட்டதிலிருந்து, வருடத்துக்கு ஒருமுறை உலகமே குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுகிறது. எங்கள் பள்ளத்தாக்கின் நடவுப் பெண்கள் தீர்மானத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குனிந்துதான் நிற்கிறார்கள். விரிக்கப் பாய் கிடையாது, போட்டோ பிடிக்க ஆள் கிடையாது.

வரப்பில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்கும் நேரத்தில், யாரோ ஒருவர் போனில் குருஜி ஒருவர் பேசுகிறார்: நாக்கை அடக்குங்கள், உடம்பின் ஆசைகளை விடுங்கள். எந்த ஆசையை, குருஜி? பழைய கஞ்சிக்கு ஒரு வெங்காயம் கடித்துக்கொள்ளும் ஆசையையா? ஒரு நிமிடம் இடுப்பை நிமிர்த்தும் ஆசையையா? விடுவதற்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா!

சரி, குருஜிகளுக்கெல்லாம் குருவையே கேட்போம். பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஆசனத்துக்கென்று அவர் ஒதுக்கியது மூன்றே மூன்று. அதற்கு முன்னால் வைத்தது யமம்: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரம்மசரியம், தேவைக்கு மேல் சேர்க்காத அபரிக்கிரகம். கடைசியில் உள்ளதைப் பாயில் படுத்துச் செய்துகாட்ட முடியாது. அதனால் அதை மட்டும் துறந்துவிட்டார்கள்.

அந்த மனிதர் பெயரில் 2006இல் ஒரு கம்பெனி வந்தது. நெய், பிஸ்கட், பற்பசை விற்றது. 2015இல் நூடுல்ஸும் விற்றது. புலனடக்கம் சொன்னவர் பெயரில் மசாலா பாக்கெட்! 2019இல், கடனில் மூழ்கிக் கிடந்த ருச்சி சோயா என்ற எண்ணெய் நிறுவனத்தைச் சுமார் 4,350 கோடி ரூபாய்க்குத் தூக்கியது. சேர்க்காமை என்றால் இதுதான் போலிருக்கிறது.

பொய்யாமை என்ன ஆனது? மருந்து விளம்பரங்கள் மக்களைத் தவறாக வழிநடத்துகின்றன என்று வழக்கு. இனி செய்யமாட்டோம் என்று உச்ச நீதிமன்றத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் விளம்பரம். 2024இல் அவமதிப்பு நோட்டீஸ் வந்தபின் செய்தித்தாள்களில் மன்னிப்புக் கேட்டார்கள். வழக்கமாகப் போடும் விளம்பரத்தின் அளவில்தானா இந்த மன்னிப்பும் என்று நீதிபதிகள் கேட்க வேண்டியிருந்தது. சிக்கனம், அடக்கம், பற்றின்மை எல்லாம் அவர்களுக்கு வந்தது மன்னிப்பில் மட்டும்தான். பிறகு ஆகஸ்டில் நீதிமன்றம் மன்னிப்பை ஏற்று அவமதிப்பு வழக்கை முடித்தது.

தமிழில் யோகம் பாடிய திருமூலர் உடம்பைப் பட்டினி போடச் சொன்னவர் அல்லர். முன்பு இழிவென்று நினைத்த உடம்புக்குள் இறைவன் இருப்பதைக் கண்டு, அதைப் பேணத் தொடங்கியதாகச் சொன்னவர். உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி கொடு என்றும் சொன்னார். அடுத்தவன் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு அவனுக்கே உண்ணாநோன்பு உபதேசம் செய்யும் யோகம் அவருக்குத் தெரியாது.

நடவுக்குப் போகும் அக்காமாரே, யார் சொன்னாலும் நீங்கள் எதையும் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க ஆசை இருந்தால், அதற்குத் தக்கபடி கூலியைக் கூட்டிக் கேளுங்கள்.